குப்பத்தின் ஓட்டு

1980 ஜனவரி முதல் வாரத்தில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டு ஜனங்கள் 39 இடங்களில் 37ஐ தி.மு.க. - இந்திரா காங்கிரஸ் கூட்டணிக்குக் கொடுத்தார்கள். அதே வருஷம் மே மாதக் கடைசியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே ஜனங்கள் 234 இடங்களில் 129ஐ அ.தி.மு.க.வுக்குக் கொடுத்தார்கள். இடையில் ஐந்து மாதம்கூட இல்லை. ஓட்டர்கள் ஏறக்குறைய அதே ஓட்டர்கள். சாவடியாக இருந்த பள்ளிக்கூடங்கள் அதே பள்ளிக்கூடங்கள். எம்.ஜி.ஆரின் முகமும் அதே முகம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். நம் வட்டத்தில் தமிழ்நாட்டு ஓட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் விளக்கம் ஒன்றே ஒன்றுதான் வருகிறது: சினிமா. அதிலும் மீனவக் குப்பங்கள் என்றால் விளக்கமே தேவையில்லை என்கிற பாவனை. 1964 தீபாவளிக்கு 'படகோட்டி' வந்தது, 1977ல் அவர் முதலமைச்சராகி ஆறு வாரம் கழித்து 'மீனவ நண்பன்' வந்தது, முடிந்தது விவகாரம். திரையில் துடுப்புப் போட்டவனுக்குக் கரையில் துடுப்புப் போடுகிறவன் ஓட்டுப் போட்டான். ஆனால் ஜனவரியில் ஏன் போடவில்லை? ஜனவரியில் மயக்கம் தெளிந்து, மே மாதம் மறுபடி மயங்கினார்களா? இரண்டு நேரெதிரான முடிவுகளுக்கும் பொருந்துகிற ஒரு விளக்கம் இரண்டில் எதையும் விளக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் உத்தியோகம் பார்க்கும் வங்கிக் கிளை பழவேற்காட்டு ஏரிக்குப் பக்கம். நகைக்கடன் மேஜை என்னுடையது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம் என்று ஏரியோரத்திலும் கடலோரத்திலும் இருக்கிற ஊர்களிலிருந்து வருகிறவர்கள் தராசு ஓயும் நேரத்தில் பேசுவார்கள். 1980ல் நான் பிறக்கவில்லை. அந்த வருஷத்தை எனக்குச் சொன்னவர்கள் இவர்கள்தான். பிறகு நான் புத்தகங்களைப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை. ஒட்டாத இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் சுற்றி வரவேண்டியிருக்கிறது, அமெரிக்கா வழியாக. 2024 நவம்பரில் நம் நண்பர்கள் பலர் ஏழு அமெரிக்க மாநிலங்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொன்னார்கள். பென்ஸில்வேனியா எந்தப் பக்கம் சாயும், ஜார்ஜியா மறுபடி மாறுமா என்று கவலைப்பட்டார்கள். அங்கே கட்சி மாறுகிற மாநிலத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அந்த ஓட்டர் எடை போட்டுப் பார்க்கிறவர், கடைசி நிமிஷம் வரை முடிவை ஒத்திவைக்கிற விவேகி. ஏழும் கடைசியில் டிரம்ப்புக்கே போயின. அதற்கும் விலைவாசி, குடியேற்றம் என்று மரியாதையான காரணங்கள் சொல்லப்பட்டன. இங்கே கட்சி மாறுகிற குப்பத்துக்கு மட்டும் பணம், சாராயம், சினிமா. இந்தப் பாரபட்சத்தைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஒப்பீட்டை முழுக்கச் செய்து பார்த்தால் வேறு விஷயங்கள் தெரிகின்றன.

1980 அங்கேயும் ஒரு நடிகரின் வருஷம். நவம்பரில் ரொனால்ட் ரீகன் 44 மாநிலங்களில் ஜெயித்தார். 1976ல் கார்ட்டருக்கு வர்ஜீனியா தவிரத் தென்மாநிலங்கள் முழுவதும் கிடைத்திருந்தது. நாலே வருஷத்தில் அந்தத் தெற்கில் அவருக்கு மிஞ்சியது சொந்த மாநிலமான ஜார்ஜியா மட்டும். (ரீகன் கலிஃபோர்னியா கவர்னராகப் பதவியேற்றது 1967 ஜனவரியில், அதே மாதம் 12ஆம் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டு, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். தற்செயல்தான். அர்த்தம் தேடவேண்டாம்.) டெக்ஸாஸ்காரன் ரீகனின் கௌபாய்ப் படம் பார்த்து ஏமாந்தான் என்று எழுதிய அமெரிக்கர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அதோடு முடித்துக்கொண்ட சரித்திராசிரியர் எவரையும் நான் படித்ததில்லை. தெற்கு ஏன் மாறியது என்பதற்கு அவர்கள் 1948லிருந்து, இன்னும் பின்னால் உள்நாட்டு யுத்தத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

மிஸிஸிப்பியை எடுத்துக்கொள்வோம். ஃபாக்னர் வழியாக நம்மில் பலருக்குத் திருவள்ளூர் மாவட்டத்தைவிட நன்றாகத் தெரிந்த ஊர். 1936ல் மிஸிஸிப்பி ரூஸ்வெல்ட்டுக்கு 97 சதவீதம் கொடுத்தது. 1964ல் அதே மிஸிஸிப்பி எதிர்க்கட்சியின் கோல்ட்வாட்டருக்கு 87 சதவீதம் கொடுத்தது. ஜார்ஜியா அதுவரை ஒரு தடவைகூட ரிபப்ளிகன் கட்சிக்கு ஓட்டளித்ததில்லை. அதுவும் அன்றுதான் மாறியது. பிறகு 1968ல் வாலஸ், 1972ல் நிக்ஸன், 1976ல் கார்ட்டர் என்று அலைந்தது. ஒரு ஊரே, ஒரு மாநிலமே, ஒரே உடம்பாகப் புரண்டு படுக்கிறது. அதற்கு உதவுகிற ஒரு ஏற்பாடும் அங்கே இருக்கிறது. மெய்ன், நெப்ராஸ்கா என்ற இரண்டைத் தவிர்த்து எல்லா மாநிலங்களிலும் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கு அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். தோற்ற பாதி கணக்கிலேயே வராது. மாநிலம் பேசும்போது ஒரே குரலில் பேசும்.

ஒரே குரல் என்றதும் எனக்குக் குப்பம் ஞாபகம் வந்தது. பழவேற்காட்டில் பாடு என்றொரு முறை இருக்கிறது. ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி இறால் போய்வருகிற தடங்கள் சில உண்டு. வலை கட்டினால் அங்கேதான் கட்டவேண்டும். இடம் கொஞ்சம், கட்ட நினைப்பவர்கள் அதிகம். ஆகவே சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று இவர்கள் இறங்கினால் நாளை அவர்கள். பரம்பரையாக இந்த உரிமையை வைத்திருந்தவை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டாக ஊரில் பெயர் பதிந்தவனுக்குப் பாடு உண்டு, ஊர்வரி உண்டு, பஞ்சாயத்தில் உட்கார இடம் உண்டு. பாடு என்ற சொல்லின் அழகைப் பற்றி ஒரு கவிஞர் பக்கம் பக்கமாக எழுதலாம்: பட்ட பாடு, என் பாடு, வயிற்றுப்பாடு. நான் அதற்குள் போகவில்லை. அதன் நிர்வாகம்தான் இங்கே முக்கியம்.

வலை இறக்குவதைத் தீர்மானித்த அதே பஞ்சாயத்துதான் ஓட்டையும் தீர்மானித்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். வேட்பாளர் வருவார். கோயில் வாசலில் ஊர் கூடியிருக்கும். ரோடு, கரண்டு கம்பம், மீன் ஏலம் போடக் கொட்டகை, தூர்ந்துபோன முகத்துவாரம் என்று ஊர் தன் குறைகளைச் சொல்லும். அவர் போன பிறகு ஊர் பேசும். பேசி ஒரு சின்னத்தைச் சொல்லும். எல்லா ஊரிலும் எல்லாத் தேர்தலிலும் இப்படி நடந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் ஊர் ஒன்றாகப் போடுவதுதான் முறை என்ற எண்ணம் இருந்தது. அதை மீறுவது தப்பு என்ற எண்ணமும் இருந்தது. அமெரிக்க மாநிலத்துக்குச் சட்டம் செய்ததைக் குப்பத்துக்குக் கட்டுப்பாடு செய்தது.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடற்கரை 1,076 கிலோமீட்டர். அதில் 608 மீனவ ஊர்கள். ஒரு நூலில் கோத்த மாதிரி நீளவாட்டில் கிடக்கிறார்கள். தொகுதிகளோ கடலிலிருந்து உள்நாட்டுக்குள் விரிகின்றன. வயலும் ஆலையும் சந்தையும் பின்னால் இருக்க, குப்பங்கள் விளிம்பு மாத்திரம். பொன்னேரி தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. அது இருக்கவேண்டிய ஏற்பாடு, ஆட்சேபணை இல்லை. ஆனால் அதன்படி பட்டினவர் இங்கே ஓட்டராக மட்டுமே இருக்கமுடியும், வேட்பாளராக முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் தனித்தனியாகப் போட்ட ஓட்டு கடலில் கரைத்த பெருங்காயம். மொத்தமாகப் போட்டால்தான் எவனாவது திரும்பிப் பார்ப்பான்.

இனி, மாறியது எப்படி என்று பார்க்கலாம்.

காங்கிரஸிடமிருந்து விலகியது 1967ல். நம் சரித்திரங்கள் 1965ன் இந்தி எதிர்ப்பிலிருந்து அந்த வருஷத்தைத் தொடங்குகின்றன. சரிதான். ஆனால் ஏரிக்கரையில் யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற சொல் அரிசி. விவசாயிக்கு அரிசி விலை ஏறினால் ஒரு கை நஷ்டம், ஒரு கை லாபம். மீன் பிடிக்கிறவனுக்கு நஷ்டம் மட்டும்தான். ஒரு மணி நெல்கூட அவன் விளைவிப்பதில்லை. மீனை விற்று, அந்தக் காசில் அன்றைய அரிசியை வாங்குகிற ஜனம். ஆகவே ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி கழனிவெளியைவிடக் கடற்கரையில் பலமாகக் கேட்டிருக்கவேண்டும். அந்தத் தேர்தலில் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரிலும் காமராஜர் விருதுநகரிலும் தோற்றார்கள். தி.மு.க.வுக்கு 137 இடம், காங்கிரஸுக்கு 51. ஓட்டுச் சதவீதத்தில் இரண்டும் 41ஐ ஒட்டித்தான் இருந்தன. காங்கிரஸ் கொஞ்சம் முன்னால்கூட இருந்தது. அது ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது, தி.மு.க. கூட்டாளிகளுக்கு விட்டதுபோக நின்றது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். என்றாலும், மாநிலமே காங்கிரஸைத் தூக்கியெறிந்தது என்று நாம் பேசுவது மொத்தமாக எண்ணுகிற முறை உண்டாக்கிய ஒரு பிரமை. தூக்கியெறியாத 41 பேர் நூற்றுக்கு இருந்தார்கள்.

1971 பற்றிச் சொல்ல அதிகமில்லை. 184 இடங்களுடன் தி.மு.க. திரும்ப வந்தது. அதே வருஷம் ஏரிக்கு வேறொரு விருந்தாளி வந்தார். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஆந்திர எல்லைக்குள் கிடக்கிற ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. தீவில் இருந்தவர்கள் அதற்காக வெளியேற்றப்பட்டார்கள். ஏவுகிற நாளில் அந்தப் பக்கக் கடலில் இறங்கக்கூடாது. டில்லி என்ற சொல்லுக்கு இந்தக் கரையில் அப்போதுதான் ஒரு உருவம் கிடைத்தது என்று நினைக்கிறேன். அதுவரை அது ரேடியோவில் வருகிற பெயர். அதற்குப் பிறகு அது வானத்தில் ஏறுகிற நெருப்பு, கடலில் போடுகிற கோடு. கோட்டை என்பது வேறு. ரேஷன், வலைக்கு மானியம், புயல் நிவாரணம் எல்லாம் கோட்டையிலிருந்து வருபவை. கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "டில்லிக்கு ஒரு வலை, கோட்டைக்கு ஒரு வலை தம்பி. ரெண்டுக்கும் கண்ணி அளவு வேற." அவர் தத்துவம் பேசவில்லை. நான் ஜனவரி, மே என்று கேட்டதற்கு, இதுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு பதில் சொன்னார்.

1977லும் 1980லும் நடந்ததை இந்தக் கண்ணி அளவோடு பார்த்தால் குழப்பம் பாதி தீர்கிறது. 1977 மார்ச்சில் வட இந்தியா முழுக்க இந்திரா காந்தியைத் தோற்கடித்தபோது, அ.தி.மு.க.வுடன் சேர்ந்து நின்ற அவருடைய அணிக்குத் தமிழ்நாடு 39ல் 34 கொடுத்தது. மூன்றே மாதத்தில், ஜூனில், காங்கிரஸ் இல்லாமல் அ.தி.மு.க.வுக்கு 130 இடம். 1980 ஜனவரியில் எம்.ஜி.ஆர். ஜனதா பக்கம் நின்றார். டில்லியில் ஜனதா குலைந்துபோயிருந்தது, வெங்காயம் விலை ஏறியிருந்தது. அதோடு, 1979ல் பிற்பட்டோர் சலுகைக்கு வருஷத்துக்கு 9,000 ரூபாய் என்று அவர் வருமான வரம்பு கட்டியிருந்தார். 37 இடத்தை இழந்ததும் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. இட ஒதுக்கீடு 31 சதவீதத்திலிருந்து 50 ஆனது. ஒரு தோல்வி ஒரு சர்க்காரை இத்தனை சீக்கிரம் வளைத்த வேறு சந்தர்ப்பம் தமிழ்நாட்டில் எனக்கு ஞாபகம் வரவில்லை. பிப்ரவரி 17ஆம் தேதி டில்லி ஒன்பது மாநில மந்திரிசபைகளைக் கலைத்தது, இதையும் சேர்த்து. தி.மு.க.வும் காங்கிரஸும் ஏறக்குறைய சமபாதியாக இடங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. ஜெயித்தால் நாற்காலி யாருக்கு என்பது அவர்களுக்கே தெளிவாக இல்லை.

ஆகவே மே மாதம் ஓட்டர் முன்னால் இருந்த கேள்வி ஜனவரியில் இருந்ததல்ல. ஜனவரியில் கேட்டது டில்லியில் யார் என்று. மே மாதம் கேட்டது, நான் திருத்தவேண்டியதைத் திருத்திக்கொண்டவனை டில்லி தூக்கியெறியலாமா என்று. இரண்டு கேள்விக்கு இரண்டு பதில். பென்ஸில்வேனியாக்காரன் இதைச் செய்திருந்தால் அவனைப் பற்றிப் புத்தகம் வந்திருக்கும்.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992ல் ஆங்கிலத்தில் எழுதிய 'இமேஜ் ட்ராப்' நம் வட்டத்தில் வேதம் மாதிரி. அதன் கோபம் எனக்குப் பிடிக்கும். அந்த ஆட்சி ஏழைகளிடமிருந்து எடுத்தது என்ன, கொடுத்தது என்ன என்று அவர் கேட்டது கேட்கப்படவேண்டிய கேள்வி. 1985 கடைசியில் மெரீனாவிலிருந்து கட்டுமரங்களை அப்புறப்படுத்தப் போய், துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தது 'மீனவ நண்ப'னின் ஆட்சியில்தான். அதை யாரும் மறைக்கமுடியாது. விசைப்படகுகள் கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் வரக்கூடாது என்ற 1983ன் சட்டமும் அதே ஆட்சியுடையதுதான். சட்டம் புத்தகத்தில் இருந்தது, விசைப்படகு மூன்று மைலுக்குள் இருந்தது. ஆனால் பிம்பம் என்ற பொறியில் ஏழைகள் சிக்கினார்கள் என்று சொல்லும்போது, பொறியிலிருந்து ஜனவரியில் வெளியே வந்தவர்களுக்கு அந்தச் சித்திரத்தில் இடம் இல்லாமல் போகிறது.

(ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. 1983 ஜனவரியில் என்.டி.ராமராவ் அங்கே முதலமைச்சரானார். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் சாகும்வரை, நடுவே ஒரு மாதம் நீங்கலாக, ஒரே ஏரிக்கு இரண்டு நடிகர்கள் முதலமைச்சர்களாக இருந்தார்கள். மீன் எந்தப் பக்கம் அதிகம் என்பதற்கு மட்டும் இரண்டு பக்கமும் சண்டை நிற்கவில்லை.)

இதுவரை நான் குப்பத்துக்கு வக்கீலாகப் பேசியிருக்கிறேன். இங்கே நிறுத்தினால் கட்டுரை நன்றாக இருக்கும், உண்மையாக இருக்காது.

மிஸிஸிப்பியின் 97 சதவீதத்துக்குத் திரும்பவேண்டும். 97 என்பது யாரில் 97? ஜனத்தொகையில் ஏறக்குறையப் பாதியாக இருந்த கறுப்பர்களில் அநேகமாக யாரும் ஓட்டுப் போடமுடியாது. தலைவரி, படிப்புப் பரீட்சை, அதையும் தாண்டினால் அடி. வி.ஓ.கீ என்ற பேராசிரியர் 1949ல் தென்மாநில அரசியலைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம், கறுப்பர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதிகளின் வெள்ளையர்தாம் அந்த ஒற்றுமைக்கு முதுகெலும்பு என்று காட்டியது. அங்கே ஒரே குரல் கேட்டதற்குக் காரணம் மற்றக் குரல்கள் பட்டியலில் இல்லை என்பதே. 1965ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. அதன் பிறகு தெற்கில் ஒருமனது என்ற பேச்சுக்கு இடமில்லை. ஜார்ஜியா 2020ல் பன்னிரண்டாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் பைடனுக்கு வந்ததும் 2024ல் திரும்பிப் போனதும், எல்லோரும் ஓட்டளிக்கிற ஒரு மாநிலத்தின் காரியங்கள்.

இப்போது தலைக்கட்டைப் பாருங்கள். கல்யாணமான ஆண். பாட்டில் இடமில்லாதவர்கள் யார் யார்? ஏரியில் கையால் தடவி இறால் எடுக்கிற இருளர்களுக்குப் பாடு கிடையாது. மூன்று ஊருக்கு வெளியே இருந்த மற்ற ஊர்களுக்குக் கிடையாது. எழுபதுகளில் இறால் ஏற்றுமதி சூடுபிடித்து, இறால் பணமானபோது இந்த வேலி இன்னும் முள் வைத்துக்கொண்டது. பிறகு தகராறு, வழக்கு. சீட்டுப் போட்டுப் பங்கிடுவதைப் பார்த்து ஆதி பொதுவுடைமை என்று பூரிக்கிற நண்பர்கள், சீட்டில் யார் பெயர் எழுதப்படவில்லை என்றும் பார்க்கவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு பல கடற்கரை ஊர்களில் நிவாரணம் தலைக்கட்டுக் கணக்குப்படி வந்தது. ஆண் இல்லாத வீடு அந்தக் கணக்கில் தடுமாறியது.

பெண்களுக்குப் பஞ்சாயத்தில் இடமில்லை. மீன் கரைக்கு வந்த பிறகு அதைக் கூடையில் தூக்கிக்கொண்டு பொன்னேரிச் சந்தைக்கும் அதற்கப்பாலும் போனவர்கள் அவர்கள். காசு அவர்கள் கையில்தான் புரண்டது. நகைக்கடன் மேஜையில் நான் பார்க்கிற முகங்களில் முக்கால்வாசி அவர்களுடையவை. கடன் எதற்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. வலைக்கு, எஞ்சினுக்கு, பெண் கல்யாணத்துக்கு என்று எழுதுவோம். ஆனால் ஊர் பேசி முடிவு செய்கிற இரவில் அவர்கள் தள்ளி நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாள். மீன் விற்பதை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. தேர்தல் பேச்சு வந்தது. "ஊர்ல ஒரு சின்னத்தச் சொன்னாங்க தம்பி. சரின்னு தலையாட்டினேன். உள்ள போயி எம்சியாருக்குக் குத்திட்டு வந்தேன். யாருக்குத் தெரியும்? எங்க வூட்டுக்காரருக்கே கடசிவரைக்கும் தெரியாது." எந்த வருஷம் என்று கேட்டேன். வருஷமெல்லாம் யார் கண்டது என்றார். சத்துணவு வருவதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன். அது 1982 ஜூலையில் வந்தது. யோசித்துவிட்டு, முன்னாலயும், பின்னாலயும் என்றார்.

இந்த ஒரு சாட்சியத்தை வைத்து ஒரு சித்தாந்தம் கட்டக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பிறகு நான் கேட்ட பெண்கள் சிரித்த சிரிப்பு ஒரே மாதிரி இருந்தது. எம்.ஜி.ஆரின் ஓட்டில் பெண்கள் பங்கு பெரிது என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெண்கள் உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று அதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. கணவனும் மாமனாரும் ஊரும் சொன்ன சின்னத்தை விட்டு வேறொன்றில் குத்துவதற்கு, அந்த மூன்று பேருக்கும் சம்பந்தமில்லாத ஒருவன் வேண்டியிருந்தது. பஞ்சாயத்து மூலமாக வராதவன். கோயில் வாசலில் நின்று ரோடு போடுகிறேன் என்று ஆண்களிடம் பேசாதவன். டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவளிடம், ஊரைக் கலக்காமல், நேராகப் பேசியவன். நாம் மயக்கம் என்று எழுதிவந்தது, ஒரு குப்பத்துப் பெண் முதன்முதலாக ஊர்க்கட்டுப்பாட்டை மீறிப் போட்ட தனி ஓட்டாகவும் இருந்திருக்கலாம். அது அவளுடைய நன்மைக்கான ஓட்டா என்பது வேறு சர்ச்சை. பாண்டியன் அந்தச் சர்ச்சையில் பல இடங்களில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவளுடைய ஓட்டு என்பதில் சந்தேகமில்லை.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' வந்தது 1977ல். லாஞ்சுக்கும் வல்லத்துக்கும் நடுவே ஒரு கரை குலைவதை அதுபோல எழுதியவர் குறைவு. நம்முடைய நாவலும் கவிதையும் படகைப் பார்த்திருக்கின்றன, வலையைப் பார்த்திருக்கின்றன, கடலைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்திருக்கின்றன. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் முத்திரைக்கட்டையோடு அரை நிமிஷம் தனியாக நின்ற அந்தப் பெண்ணை யாரும் எழுதினதாக எனக்குத் தெரியவில்லை.

எம்.ஜி.ஆருக்குப் பிறகு ஊர்கள் ஒரே உடம்பாகப் புரளவில்லை. 1984 டிசம்பரில் அவர் புரூக்ளினில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஜெயித்தது கடைசிப் புரளல். (நம் தேர்தலில் அமெரிக்கா நேராகச் சம்பந்தப்பட்டது அந்த ஒரு தடவைதான்.) 1989ல் தி.மு.க., 1991ல் அ.தி.மு.க., 1996ல் தி.மு.க., 2001ல் அ.தி.மு.க., 2006ல் தி.மு.க., 2011ல் அ.தி.மு.க. என்று முறை வைத்த மாதிரி மாநிலம் மாறிக்கொண்டே இருந்தது. இதைப் பாடு என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் பாட்டில் முறை வருவதற்குச் சீட்டு இருக்கிறது, ஊர் இருக்கிறது. இங்கே இருந்தது கோபம். 2016ல் அந்த முறையும் தவறியது.

குப்பத்துக்குள் நடந்ததோ வேறு. 1989ல் மீனவர்கள் மிகவும் பிற்பட்டோர் பட்டியலில் வந்தார்கள். பையன்கள் படித்தார்கள், சிலர் எண்ணூர் அனல்மின் நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் ஒப்பந்த வேலைக்குப் போனார்கள். ஒரே வீட்டில் இரண்டு கொடி பறந்தது. கல்யாணமாகாத பையனும் கட்சியில் வட்டப் பொறுப்பு வாங்கிக்கொண்டு பஞ்சாயத்தைப் பார்த்துச் சிரித்தான். பெரியவர்கள் இதை ஊர் கெட்டுப்போனது என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல நா வரவில்லை.

ஆனால் ஊர் ஒரே குரலில் பேசவேண்டிய சமயம் மறுபடி வந்தது. காட்டுப்பள்ளிக் குப்பம் துறைமுகத்துக்காக இடம் பெயர்ந்திருந்தது. 2018ல் அந்தத் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போய், பல மடங்கு பெரிதாக்கும் திட்டம் வந்தபோது ஏரியே தூர்ந்துவிடும் என்று ஊர்கள் எழுந்தன. 2021 ஜனவரி 22க்கு வைத்த பொதுக்கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். அந்தத் திட்டத்தை எதிர்ப்பதாகத் தி.மு.க. பிரசாரம் செய்தது. 2011லும் 2016லும் அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்திருந்த பொன்னேரி, 2021ல் தி.மு.க. கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. 2023 செப்டம்பர் 5க்கு மறுபடி ஒரு கூட்டம் அறிவித்தார்கள். அதுவும் தள்ளிப்போனது.

இதற்கு நடுவே ஓட்டுப்பெட்டி போய் இயந்திரம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடந்தது. சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுகிற ஏற்பாடு விதிகளில் இருந்தது, எந்த ஊர் எப்படிப் போட்டது என்று தெரியாமலிருக்க. இயந்திரம் சாவடிவாரியாகக் கணக்குச் சொல்கிறது. கலந்து கூட்டிக் காட்டும் கருவி ஒன்றைத் தேர்தல் கமிஷன் 2008லேயே சிபாரிசு செய்தது, சர்க்கார் ஏற்கவில்லை. ஆகவே இன்று எந்தக் குப்பம் யாருக்கு எத்தனை போட்டது என்பதை வட்டச் செயலாளர் முடிவு வந்த வாரத்திலேயே விரல்விட்டுச் சொல்வார். எந்த ஊருக்கு ரோடு, எந்த ஊருக்கு இல்லை என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டே பேசமுடியும். பழைய பஞ்சாயத்துக்குக்கூட இல்லாத சௌகரியம் இது. அது சொன்ன சின்னத்துக்கு ஊர் போட்டதா இல்லையா என்பதை அது ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

கோரைக்குப்பத்திலிருந்து வரும் இளைஞர் ஒருவர் சென்ற தேர்தலின் சாவடிக் கணக்கைக் கைப்பேசியில் எனக்குக் காட்டினார். அவர் ஊர்ச் சாவடியில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் வித்தியாசம் சொற்பம். ஊரில் பத்து நாளாக அந்தச் சொற்ப ஓட்டு யாருடையது என்று தேடிக்கொண்டிருக்கிறார்களாம். பொம்பளைங்களத்தான் சார் சொல்றாங்க, என்றார்.